கிளுவை வேலி கேட்கும் வினா



கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்பட்டிருப்பது இவ்வவை அறிந்த செய்தி. அவற்றை மூச்சுவிடாமல் ஒப்பிப்போர் இன்றும் உண்டு. அவற்றுள் எத்தனையைச் செடியிலேயே கண்டு சுட்ட இயலும் என்று கேட்டால் ஒப்பிக்கும் குரல் தாழ்ந்துவிடும். பெயரறிவு வேறு, பொருளறிவு வேறு. ஒரு குடும்பத்தின் காட்டறிவைச் சோதிக்க முனைவோர் முதலில் உணரவேண்டியது இவ்வேறுபாட்டையே.

பிரிட்டனில் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவர்தம் குழுவினரும் படச்சீட்டுகளைக் காட்டிப் பெயர் கேட்டனர். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் என்னும் கற்பனை உயிர்களுள் ஏறக்குறைய பத்துக்கு எட்டை அடையாளம் கண்டனர். தம் நாட்டுச் செடிகொடிகளிலும் விலங்குகளிலும் பாதியளவே கண்டனர். நினைவாற்றலில் குறையில்லை. கண்முன் எது வைக்கப்படுகிறதோ அதுவே மனத்தில் தங்குகிறது.

மூலனூர்ப் பகுதியில் கண்முன் இருப்பது கொரங்காடு. மழை குறைந்த இம்மேட்டுநிலத்தில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை முள்வேலி. புல் முற்றாக அழியாதவாறு காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, மாடுகளையும் ஆடுகளையும் மாற்றி மாற்றி மேய்ப்பது இங்குள்ள குடும்பங்களின் வழக்கம். கிளுவைப் போத்தை நட்டு வேலியாக்குவதும், வெள்வேலங்காயை ஆட்டுக்குத் தீனியாக்குவதும் ஏட்டில் கற்றவை அல்ல. அப்பாரு நடக்க, பேரன் பின்தொடர்ந்து கற்றவை. அப்பேரன் இன்று விடிகாலையில் பனியன் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறான். பிழைப்பைத் தேடிப் போகின்றவனைக் குறை கூறுதல் அறமாகாது. ஆயினும் பின்தொடரும் கால்கள் இல்லாதபோது, முன்நடந்தவரின் அறிவு அவரோடே நின்றுவிடுகிறது.

அவ்வாறு நிற்காமல் காத்த சான்றும் தமிழகத்திலேயே உண்டு. இருளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவை. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபோது அவ்வறிவு வீணாகாமல், 1978இல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பிடித்த பாம்பின் நஞ்சை மருந்துக்கென எடுத்துவிட்டு, மீண்டும் காட்டிலேயே விடுவது அதன் நடைமுறை. அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். முன்பின் அறியாத சதுப்புநிலம்; பிடிக்கவேண்டியதோ பர்மிய மலைப்பாம்பு. ஊர்ந்த தடத்தையும் எச்சத்தையும் கொண்டே தேடி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் 13 பாம்புகளைப் பிடிக்கத் துணைநின்றனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடும்ப அறிவுக்கு இதனினும் கடுமையான தேர்வு வேறில்லை. அதில் படச்சீட்டுக்கு இடமில்லை.

ஆகவே மூலனூர்க் குடும்பம் ஒன்றைச் சோதிக்க விரும்புவோர், தாளும் எழுதுகோலும் கொண்டு திண்ணையில் அமர்தல் போதாது. அப்பத்தாவும் மருமகளும் பேத்தியும் உடன்வர, வேலியோரம் நடக்கவேண்டும். ஆடு எந்தத் தழையை ஒதுக்குகிறது, மழைக்குப்பின் முதலில் தலைகாட்டும் புல் எது, கௌதாரி எங்கே முட்டையிடும் என வினவவேண்டும். அப்பத்தா கூறும் விடை பேத்தியின் காதில் விழுமாயின், சோதனையே பாடமாகிவிடும்.

இது கவிஞர்க்கும் உரிய தேர்வு. 'பெயர் தெரியாத பூ', 'பெயர் தெரியாத பறவை' என்னும் தொடர்கள் புதுக்கவிதையில் அழகெனவே வழங்குகின்றன. அப்பூவுக்குப் பெயர் உண்டு. அதனை அறிந்தவர் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருக்கிறார், அவர்க்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த கவிதைக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுதல், பத்தாண்டு கண்ட வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாகட்டும்.