சர்க்கரை மாத்திரையும் மார்புப் புற்றுநோயும்

(யூபிலி ஆண்டை முன்னிட்டு நம் பங்கு மாதர் சங்கத்தார் கூட்டிய கூட்டத்தில் பங்குத் தந்தை நிகழ்த்திய உரை)



யூபிலி ஆண்டு என்றால் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் மட்டுமல்ல. பழைய ஏற்பாட்டு மக்களுக்கு அது விடுதலையின் ஆண்டு. கட்டுண்டவர்கள் வீடு திரும்பிய ஆண்டு. நம் நாளில் பெண்களைக் கட்டிப்போடும் கட்டுகளில் ஒன்று பயம். அந்தப் பயத்தின் வயிற்றில் பிறக்கும் தவறான நம்பிக்கை மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றிப் பேசவே இன்று இங்கே நிற்கிறோம்.

சில மாதங்களாகப் பங்கு இல்லத்துக்கு வருகிற தாய்மார் நம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். முதல் கேள்வி: "சாமி, சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரை மார்புப் புற்றுநோயையும் தீர்க்குமாமே! பிரான்சில் இருக்கிற தம்பி சொன்னான், கைப்பேசியிலும் செய்தி வந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளலாமா?" இரண்டாவது கேள்வி இதற்கு நேர் எதிரானது: "சாமி, புற்றுநோய்க்கு ஊசி ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை மருந்தோடு சர்க்கரை மாத்திரையும் எதற்கு? நிறுத்திவிடட்டுமா?"

நாம் மருத்துவர் அல்ல. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோமேயொழிய மருந்தியல் பயிலவில்லை. ஆயினும் நோயாளிகளைச் சந்திப்பது குருவின் கடமை. சந்திக்கிறவனுக்கு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கற்றவர்கள் ஆராய்ந்து வெளியிட்டவற்றைப் படித்து, அதன் சாரத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. மாநிலங்களுள் கோவாவுக்கு 26.4 சதவீதம். அதற்கு அடுத்த இடம் நம் புதுச்சேரிக்கு, 26.3 சதவீதம். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். இனி மற்றொரு கணக்கையும் கேளுங்கள். 2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. அவ்வாண்டில் அந்நோயால் இறந்தோர் சுமார் 98,000. இரண்டு வியாதியும் பெருகியிருக்கும் நாட்டில், ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து வருவது வியப்பன்று. கோரிமேட்டு ஜிப்மர் வாசலில் ஒரு காலை வேளை நின்று பார்த்தால் இது விளங்கும்.

இப்பொழுது அந்த மாத்திரையின் வரலாற்றைச் சொல்வோம். அதன் பெயர் மெட்பார்மின். நம் வீடுகளில் கிளைகோமெட் என்றோ வேறு பெயரிலோ இருக்கும். அவரை, அகத்தி குடும்பத்தைச் சேர்ந்த 'கலேகா' என்னும் செடி ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் வழங்கி வந்தது. அச்செடியில் உள்ள ஒரு பொருளுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு என்று பின்னர் கண்டனர். அதன் உறவுப் பொருளான மெட்பார்மினை 1922-இல் டப்ளின் நகரத்து வேதியியலார் இருவர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினர். ஆனால் அதை மனிதருக்குக் கொடுத்து நீரிழிவுக்கு உதவும் என்று 1957-இல் வெளியிட்டவர் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன். அவர் அதற்கு இட்ட பெயர் 'குளுகோபாஜ்', அதாவது 'சர்க்கரையைத் தின்பது'. பிரெஞ்சு பேசிய நம் பெரியவர்களுக்கு இப்பெயரின் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

இம்மாத்திரை தன் வேலையில் கெட்டிக்காரன். ஈரல் அளவுக்கு மிஞ்சிச் சர்க்கரையை இரத்தத்தில் விடாதபடி தடுக்கிறது. இரத்தத்தில் இன்சுலின் அளவையும் குறைக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவு வெளியிட்டனர். ஒன்றும் செய்யாதவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. இந்த மாத்திரையைச் சிறிய அளவில் உட்கொண்டவர்களில் 40.5 சதவீதத்தினருக்கே வந்தது. உணவைத் திருத்தி, நடைப்பயிற்சி செய்தவர்களிலோ 39.3 சதவீதம். மாத்திரையும் நடையும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன! மாலையில் நம் கடற்கரைச் சாலையில் நடப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சரி, சர்க்கரை மாத்திரை புற்றுநோய்க்குள் எப்படி நுழைந்தது? 2005-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள், மெட்பார்மின் உண்ட நீரிழிவு நோயாளிகளுக்குப் புற்றுநோய் குறைவாக வந்திருப்பதாக எழுதினர். 2009-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார், அறுவைக்கு முன் மருந்தேற்றிக்கொண்ட 2,529 மார்புப் புற்றுநோயாளிகளின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தனர். மெட்பார்மின் உண்ட நீரிழிவுக்காரர்களில் 24 சதவீதத்தினருக்குக் கட்டி முற்றிலும் மறைந்திருந்தது. அம்மாத்திரை உண்ணாத நீரிழிவுக்காரர்களில் 8 சதவீதம். நீரிழிவே இல்லாதவர்களில் 16 சதவீதம். காரணமும் பொருத்தமாகத் தோன்றியது. இன்சுலின் உடம்பின் அணுக்களை வளரத் தூண்டுவது. அதைக் குறைத்தால் புற்று அணுவும் பட்டினி கிடக்கும் அன்றோ? ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்திலும் புற்று அணுக்கள் இம்மருந்துக்கு அடங்கின. மாத்திரையோ பழகியது, விலையும் மலிவு. ஏழைகளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா என்று உலகமே எதிர்பார்த்தது.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். குருமடத்தில் தருக்கம் பயில்வோருக்கு முதலில் சொல்லித்தரும் எச்சரிக்கை ஒன்றுண்டு: ஒன்றன்பின் ஒன்று வந்ததனாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிமார் இதையே சொன்னார்கள். நம் பங்கில் திருமணப் பொன்விழா கண்ட தம்பதியரைப் பாருங்கள். எல்லோருமே எழுபது வயதை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். அதனால் பொன்விழா கொண்டாடினால் ஆயுள் கூடும் என்று யாரேனும் சொல்வார்களா? ஆயுள் இருந்ததனால் அன்றோ பொன்விழா! அதுபோலவே, நெடுங்காலம் மாத்திரை உண்டவர்கள் நெடுங்காலம் வாழ்ந்திருந்தால், மாத்திரையால் வாழ்ந்தார்களா, வாழ்ந்ததனால் மாத்திரை உண்ண முடிந்ததா? பழைய ஏடுகளைப் புரட்டி மட்டும் இதற்கு விடை காண முடியாது. தவிரவும், கிண்ணத்தில் ஊற்றிய மருந்தின் அளவு, மாத்திரை உண்ட மனிதர் இரத்தத்தில் சேரும் அளவைவிட மிகப் பெரியது.

விடை காண நேரிய வழி ஒன்றே. அப்போஸ்தலர்கள் மத்தியாசைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போட்டதுபோல, நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு சாராருக்கு மெய்யான மாத்திரை, மறு சாராருக்கு அதே உருவில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. அப்படியே 2010-இல் கனடா நாட்டார் தொடங்கினர். டொரண்டோ மருத்துவர் பமேலா குட்வின் தலைமை ஏற்றார். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 3,649 பேர் சேர்ந்தனர். ஏறக்குறைய அனைவரும் பெண்கள். எல்லோரும் மார்புப் புற்றுநோய்க்கு முறையான சிகிச்சை பெற்றவர்கள், நீரிழிவு இல்லாதவர்கள். நாளுக்கு இரு வேளை, வேளைக்கு 850 மில்லிகிராம், ஐந்து ஆண்டுகள்.

2022 மே மாதம் முடிவு வெளிவந்தது. ஹார்மோனுக்கு இசையும் வகைப் புற்றுநோய் உடையவர்களில், நோய் திரும்புதல் அல்லது வேறு புற்றுநோய் வருதல் அல்லது மரணம், இவற்றில் ஒன்று நேர்ந்தவர்களைக் கணக்கிட்டனர். ஆண்டுக்கு நூறு பேரில் மெட்பார்மின் உண்டோரில் 2.78, வெற்று மாத்திரை உண்டோரில் 2.74. வேறுபாடு இல்லை! ஹார்மோனுக்கு இசையாத வகையினருக்கும் பயன் கிட்டவில்லை. வயிற்றுப்போக்கு முதலிய தொல்லைகளோ மெய்யான மாத்திரை உண்டவர்களுக்கே மிகுதி. ஹெர்-2 என்னும் வகையினருள் ஒரு சாராருக்குச் சிறிது நன்மை தென்பட்டது. அது தனியே சோதிக்கப்பட வேண்டிய ஒரு குறிப்பு. அதை நம்பி மாத்திரை உண்ணலாகாது.

இதைக் கேட்டு, "ஐந்து ஆண்டு வீணாயிற்றே!" என்று சொல்லாதீர்கள். எது நமக்குக் கிடைத்தது என்றே அறியாமல், நாள்தோறும் இரு வேளை ஒரு மாத்திரையை விழுங்கினார்கள் அந்தச் சகோதரிகள். அதனால் தங்களுக்கு நன்மை வருமா என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னால் வரும் பெண் ஒருத்திக்கு உண்மை தெரியும் என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பின்னால் வரும் பெண் இன்று இக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். முகம் அறியாத ஒருவருக்காகச் செய்யும் இத்தொண்டும் பிறர் அன்பே.

இனி உங்கள் இரு கேள்விகளுக்கும் விடை சொல்வோம்.

முதலாவதாக, சர்க்கரை இல்லாத பெண் புற்றுநோய்க்கு என்று இம்மாத்திரையைத் தானாக வாங்கி உண்ண வேண்டா. கணவருடைய மாத்திரையையோ அண்டை வீட்டாருடையதையோ பங்கு போட்டுக்கொள்ளவும் வேண்டா. இதைவிட முக்கியம், இம்மாத்திரையை நம்பி அறுவையையோ, மருந்தேற்றுவதையோ, கதிர்ச் சிகிச்சையையோ, ஹார்மோன் மாத்திரையையோ ஒரு வாரங்கூடத் தள்ளிப்போட வேண்டா.

இரண்டாவதாக, சர்க்கரை உள்ள பெண் புற்றுநோய் சிகிச்சை தொடங்கியதும் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டா. மருந்தேற்றும் நாட்களில் வாந்தியும் ஒவ்வாமையும் வராதிருக்க ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். ஏறிய சர்க்கரையோடு இருந்தால் கிருமித் தொற்று எளிதில் வரும், புண் ஆறத் தாமதமாகும். அந்நாட்களில் சிலருக்கு இன்சுலினும் தேவைப்படலாம். ஆல்பெலிசிப் என்று ஒரு புதிய புற்றுநோய் மருந்து உண்டு. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சர்க்கரையை மிக ஏற்றும் தன்மையது. அதை உண்போருக்குப் புற்றுநோய் மருத்துவரே மெட்பார்மின் கொடுப்பதுண்டு. அது சர்க்கரையை அடக்கவேயன்றிப் புற்றை அழிக்க அன்று.

மூன்றாவதாக, மருத்துவரே மாத்திரையைச் சிறிது நாள் நிறுத்தச் சொல்லும் வேளைகளும் உண்டு. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பு வறண்டு போகும்போதும், சிறுநீரகம் தளரும்போதும் இம்மாத்திரை இரத்தத்தில் அமிலம் கூடக் காரணமாகலாம். இது அரிதே ஆனாலும் உயிருக்கு ஆபத்து. நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும், பெட் ஸ்கேனுக்கும் முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பல ஆண்டு உண்டவர்களுக்கு வைட்டமின் பி-12 குறைந்து கைகால் மரத்துப்போகலாம். சில புற்றுநோய் மருந்துகளும் அதே மரமரப்பைத் தரும். எதனால் என்று இரத்தம் சோதித்தால்தான் தெரியும்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு சீட்டில் எழுதி முந்தானையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மருத்துவரிடமும் காட்டுங்கள், புற்றுநோய் மருத்துவரிடமும் காட்டுங்கள். இருவரும் வேறு வேறு கட்டடத்தில் இருப்பார்கள். இருவருக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் தூதர் நீங்களே.

கடைசியாக ஒன்று. மார்பு நோய் கண்டவர்கள் புனித ஆகத்தம்மாளை மன்றாடுவது திருச்சபையின் பழைய வழக்கம். அவள் திருநாள் பிப்ரவரி 5. மன்றாடுங்கள், நன்று. ஆனால் மன்றாட்டு முடிந்ததும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வலி இல்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், கசிவு, தோலில் குழிவு, இவற்றில் ஒன்று கண்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. வலிக்கவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் ஜிப்மராக மலர்ந்த பெரிய மருத்துவமனை நம் வாசலிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வருகிறார்கள். நமக்கோ அரை மணிப் பயணம்.

ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ சகோதரியோ "ஒன்றுமில்லை" என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். அடுப்படி வேலையை ஒருநாள் நீங்கள் பார்த்துக்கொண்டு, அவளை உடன் அழைத்துப் போங்கள். பங்கு மக்களுள் யாருக்கேனும் துணை இல்லையெனில் மாதர் சங்கத்தாரிடம் சொல்லுங்கள், நம்மிடமும் சொல்லுங்கள். தனியே போகிறவர் ஒருவரும் நம் பங்கில் இருக்கலாகாது.

நோயுற்றோரைக் குணமாக்கிய ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காத்து, உண்மையைக் கேட்கும் துணிவையும், அதன்படி நடக்கும் மனத்தையும் தந்தருள்வாராக.