இரத்தம் கொடுக்கும் முன் உண்மையைச் சொல்லுங்கள்

(தென்சென்னை இரத்ததான முகாம் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். பந்தல் யார் பொறுப்பு, பழச்சாறு யார் பொறுப்பு என்றெல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். நான் பேச வந்தது ஒரு தாளைப் பற்றி. இரத்தம் கொடுப்பவர் படுக்கையில் படுக்கும் முன் நிரப்பித் தரும் கேள்விப் படிவம்! நம் இளைஞர்கள் பலர் அதைப் படிப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டு விடுகிறார்கள். கேட்டால், "அதான் டெஸ்ட் பண்ணுறாங்களே பாய்!" என்று பதில் வருகிறது.

டெஸ்ட் பண்ணுகிறார்கள், உண்மைதான். அந்தச் சோதனை நம் நாட்டுக்கு வந்த கதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நமக்கெல்லாம் வராது என்று பெரிய மனிதர்களே பேசிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இதை ஆராயச் சொன்னார். நிர்மலா, சமூகம் ஒதுக்கிவைத்த பெண்களைத் தேடிப்போய் இரத்த மாதிரிகள் சேகரித்தார். அவற்றை வீட்டுக் குளிர்பெட்டியில் பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு ரயில் ஏறிக் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எலிசா சோதனை செய்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின! அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. பின்னர் 1993-இல் டாக்டர் சுனிதி, ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தி.நகரில் தொடங்கி, 2015-இல் மறையும்வரை இந்த நோயாளிகளுக்காகவே உழைத்தார்.

தானமாக வரும் இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை 1989-இல் கட்டாயமானது. ஹெபடைடிஸ் சி சோதனை 2001-இல்தான் வந்தது. இடையில் இன்னொரு கொடுமை! வறுமையில் வாடியவர்கள் காசுக்காக இரத்தத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நம்மைப் போன்றவர்கள் நடத்தும் முகாம்கள் தேவைப்படுகின்றன.

இப்போது சோதனைக்கு வருவோம். பழைய எலிசா சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. அது உண்டாகச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதற்குள் இரத்தம் எடுத்தால் 'நோய் இல்லை' என்றே முடிவு வரும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும்! புதிய தலைமுறைச் சோதனைகள் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன. கிருமியின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை சுமார் பத்து நாட்களாகச் சுருக்கிவிட்டது. ஆனால் அது எல்லா இரத்த வங்கிகளிலும் இல்லை. இருந்தாலும்கூட அந்தப் பத்து நாள்? அங்கே எந்த இயந்திரமும் உதவாது. கொடுப்பவர் சொல்லும் உண்மை ஒன்றுதான் காவல். ஒரு பை இரத்தம் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிந்து மூன்று பேருக்குப் போகலாம். அந்த மூவரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் இல்லையா?

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது நினைவிருக்கிறதா? அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதை முதலில் சொன்னது யார்? இரத்தம் கொடுத்த இளைஞரே! வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தெரியவர, ஓடிவந்து சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவர் கொடுத்த இரத்தத்திலேயே கிருமி கண்டறியப்பட்டிருந்தது. அந்தச் செய்தி மட்டும் அவரிடம் போய்ச் சேரவில்லை. சோதனையும் தவறியது, நிர்வாகமும் தவறியது. உண்மை பேசிய அந்த இளைஞர் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா? தாம்பரத்தில் 2004 முதலே இதற்கு இலவச மருந்து கொடுக்கிறார்களே! ஒழுங்காக உட்கொண்டால் நீண்ட காலம் வாழ முடியுமே!

ஆகவே பொறுப்பாளர்களே, 'போன முறையைவிட இந்த முறை அதிகம்' என்ற கணக்குப் போட்டியை விடுங்கள். தயங்கி நிற்கும் தம்பியைத் தோளில் தட்டி வரிசையில் தள்ளாதீர்கள். அவனுக்கு ஒரு காரணம் இருக்கலாம், நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத காரணம். சமீபத்தில் பச்சை குத்தியவன், மஞ்சள் காமாலை வந்தவன், தவறான தொடர்பில் விழுந்தவன், யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் திரும்பிப் போக வழி விடுங்கள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். தனக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இரத்தம் கொடுக்க வருபவரும் உண்டு. அவரை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள். அங்கே சோதனை இலவசம், விஷயமும் இரகசியம்.

படிவத்தில் சரியான முகவரியும் கைபேசி எண்ணும் எழுதச் சொல்லுங்கள். படிவ மேசையைப் பந்தல் வாசலில் போடாதீர்கள். நண்பர்கள் எட்டிப்பார்க்க முடியாத மூலையில் போட்டு, இரண்டு நாற்காலி மட்டும் வையுங்கள்.