தளர்ந்த கைக்குப் புதிய பயிற்சி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோயில் வாசலில் இரு கைகளையும் குவித்து வணங்குவது நமக்கு இயல்பான செயல். அதற்கு இரண்டு கைகள் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரிசவாதம் கண்டவருக்கோ அதுவே ஓயாத கவலை. ஒரு கை எழும். மற்றக் கை மடியிலேயே கிடக்கும். வாவியில் வலை வீசிய கைகளும், வயலில் வேளாண்மை வெட்டிய கைகளும் அவ்வாறு ஓய்ந்து கிடப்பதை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காண்கிறோம். "விதி" என்று சொல்லி அவர்களைத் திண்ணையோடு விட்டுவிடுவது அறமாகுமா?

பாரிசவாதம் கையில் தோன்றும் நோயன்று. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது. கை கெடவில்லை, கைக்குக் கட்டளையிடும் மூளைப்பகுதியே கெட்டது. ஒரு துறை மூடப்பட்டால் வேறு துறையால் வாவியைக் கடக்கிறோம் அல்லவா? அதுபோல, மூளையின் எஞ்சிய பகுதிகள் புதிய வழியமைத்து இழந்த வேலையில் ஒரு பங்கையேனும் ஏற்க வல்லன. ஆனால் அவ்வழி தானாக அமையாது. அதே செயலை மீண்டும் மீண்டும் செய்வதாலேயே அமையும்.

எத்தனை முறை? விலங்குகளில் நடந்த ஆராய்ச்சிகளில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான அசைவுகள் செய்விக்கப்பட்டன. ஆனால் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளர்களின் 312 சிகிச்சை வேளைகளை அருகிருந்து எண்ணிப் பார்த்தபோது, கையைப் பயன்படுத்திச் செய்யும் பயிற்சி நடந்த வேளையில் சராசரி 32 அசைவுகளே நிகழ்ந்தன. குறை இங்கேதான் இருக்கிறது. வெறுமனே கையைத் தூக்கு, இறக்கு என்றால் எவருக்கும் சலிப்பு வந்துவிடும்.

இச்சலிப்பை நீக்க வந்ததே மெய்நிகர் பயிற்சி. நோயாளர் ஒரு சிறப்புக் கண்ணாடியை அணிகிறார், அல்லது திரையின்முன் அமர்கிறார். அவர் கையசைவைக் கருவி உணர்ந்து திரையில் காட்டும். பழம் பறிப்பதும் பந்து பிடிப்பதுமாக விளையாட்டு நடக்கும். கை தன்னையறியாமலே பலமுறை நீளும். தேறத்தேற விளையாட்டும் கடினமாகும். நம் அயலிலே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து "புளூட்டோ" என்னும் சிறு இயந்திரத்தை ஆக்கியுள்ளன. அது மணிக்கட்டையும் விரல்களையும் கணினி விளையாட்டோடு பயிற்றுவிக்கும்.

இதன் பயன் எவ்வளவு? மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு நாடுகளைச் சேர்ந்த 141 நோயாளரில் ஒரு பகுதியினர் திரை விளையாட்டு ஆடினர். மற்றவர் சீட்டு, பந்து முதலிய சாதாரண விளையாட்டுகள் ஆடினர். இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவே தேறினர். 2025இல் 190 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், பிற சிகிச்சைகளோடு ஒப்பிடும்போது இப்பயிற்சியின் மேலதிக நன்மை சிறிதே என்றும், வழமையான சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் பயன் உண்டு என்றும் கண்டனர்.

இதிலிருந்து நமக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. விலையுயர்ந்த கருவி இல்லாத வீட்டிலும் வழி உண்டு. சீட்டாட்டமும் சோகி போட்டு ஆடும் தாயமும் பூக்கட்டுதலும் பயிற்சிகளே. வேண்டுவன உற்சாகமும், எண்ணிக்கையும், அருகில் ஒரு துணையும்.

இளைஞர்களே, அத்துணை நீங்களே. கிழமைக்கு ஒரு மணி நேரம் அயல்வீட்டு அப்பாவோடு அமர்ந்து விளையாடுங்கள். ஆனால் இயன்மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு பிசகும். நோவு கண்டால் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவருக்குத் தலைச்சுற்றல் வரலாம். அவரை இருக்கையில் இருத்தியே பயிற்றுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நாமே தீத்திவிடுகிறோம். அந்தக் கைக்கு உரிய வேலையை நாம் பறித்தால் அது எப்போது கற்கும்? சோறு சிந்தினாலும் சிந்தட்டும்.

பெரியோர்களே, நீங்கள் வெட்கப்பட்டு வீட்டினுள் ஒடுங்க வேண்டாம். முகம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக் காலம் கழிக்காது உடனே 1990 இலக்கத்தை அழையுங்கள். நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, தகுந்தவர்களுக்கு, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள்ளேயே பொதுவாகக் கொடுக்கிறார்கள்.

திருநாவுக்கரசு நாயனார் உழவாரம் ஏந்திக் கையால் செய்த தொண்டை நாம் போற்றுகிறோம். சரியை என்பது கோயில் முற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. இயங்காத கையொன்றை இயக்கத் துணைநிற்பதும் சிவத்தொண்டே. வரும் ஆண்டில் நம் மன்றம் இத்தொண்டைத் தன் பணிகளுள் ஒன்றாக ஏற்க வேண்டும் என்று கேட்டு, இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.