சரணம் என்னும் சொல்
(கனமூலையில் ஆற்றிய உரை)



பௌர்ணமிதோறும் விகாரைகளில் பாளி மொழியில் ஓதப்படும் மும்மணிச் சரணத்தை நாம் கேட்டிருக்கிறோம். காதால் கேட்டோம், கருத்தால் கேட்டோமா? அயலான் ஓதுவதன் பொருளை அறியாமலேயே அவனோடு காலமெல்லாம் வாழ்ந்திருப்பது நமக்கு அழகாகுமா?

அதனை மந்திரம் என்பர் பலர். பேயை ஓட்டவோ பொருளைக் குவிக்கவோ சொல்லும் மந்திரமன்று அது, உறுதிமொழி. புத்தரையும், அவர் உரைத்த தருமத்தையும், அதனைப் பேணும் சங்கத்தையும் அடைக்கலமாக அடைகிறேன் என்று மும்முறை மொழிவதே அதன் பொருள். சரணம் என்றால் அடைக்கலம். கச்சாமி என்றால் செல்கிறேன். செல்கிறோம் அன்று, செல்கிறேன்! ஆயிரவர் கூடி ஓதினும் ஒவ்வொருவனும் தன் பொறுப்பிலேயே ஓதுகிறான். அதனைத் தொடர்ந்து வரும் ஐந்து சீலங்களுள் முதலாவது, கொலை தவிர்ப்பேன் என்பது. அதுவும் ஒருமையிலேயே சொல்லப்படுகிறது.

இது தமிழனுக்குப் புதிதன்று. காஞ்சியில் அறவண அடிகள் முன் மணிமேகலை மும்மணிகளைச் சரணடைந்தாள் என்கிறது காப்பியம். 1898இல் சென்னையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்கு வந்து சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றிய பல இலட்சம் மக்களும் அதே சரணத்தை ஏற்றனர். சாதியால் மிதிக்கப்பட்டோர்க்கு அச்சொல் மெய்யாகவே அடைக்கலமாயிற்று.

அச்சொல் நாள்தோறும் ஒலிக்கும் இந்நாட்டிலேதான், 2019 மே 13ஆம் நாள், நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவரைக் கும்பலொன்று கொன்றது. கும்பலுக்கு 'நாங்கள்' என்னும் சொல் போதும். 'நான் செய்தேன்' என்று சொல்ல அதில் எவனும் முன்வரான். சரணமோ 'நான்' என்று சொல்லச் சொல்கிறது. அந்த ஒருமையை மறந்தவன் வாயில் சரணம் வெறும் ஓசையே!

பிறரை மட்டும் குறைகூறி நாம் அமைந்துவிடலாமா? 1990 அக்டோபரில், தமிழரின் பெயரால் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களைத் துரத்தினர். தமிழ் பேசும் நாவே தமிழ் பேசும் மக்களை வெளியேறச் சொன்னது. வீடிழந்து, நிலமிழந்து வந்த பல்லாயிரவர்க்குப் புகலிடமானது இந்தப் புத்தளம். பாளி கல்லாத இம்மண் சரணத்தின் பொருளைச் செய்து காட்டியது.

ஆகவே நண்பர்களே, அடுத்த பௌர்ணமியில் அவ்வொலி நம் செவியில் விழும்போது, 'அயலானே, நீ நாடும் அடைக்கலத்தில் எனக்கும் இடமுண்டா?' என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. அதே கேள்வியை அவன் நம்மிடம் கேட்பானாயின், 'உண்டு' என்று விடையளிக்கும் கடமையும் நமக்குண்டு. அவ்விடையை நாம் கூட்டமாகக் கூறுவது போதாது. ஒவ்வொருவரும் தனித்தனியே கூறுவோமாக!