புல்லட் என்ஜினை மாற்றியது சரிதானா?

மறைமலைநகரில் இருந்து பேசுகிறேன். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஃபோர்டு தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். இன்றைக்கு நாம் பேசப்போவது பக்கத்து ஊர் வண்டியைப் பற்றி. ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போய், சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். 2013 முதல் அங்கே ராயல் என்ஃபீல்டு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இன்றும் ஒரு வழக்கு கிளம்பும்: அந்தப் பழைய காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு என்ஜினை விட்டது சரியா, தப்பா? சரி என்பதுதான் என் கட்சி. ஆனால் இழந்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932இல் 'புல்லட்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. நமக்குத் தெரிந்த உருவம், அதாவது பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்த 350 சிசி வண்டி, 1940களின் கடைசியில் வந்தது. இந்திய ராணுவத்துக்கும் போலீசுக்கும் அது பிடித்துப்போனது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ஆலை அமைந்த இடம் திருவொற்றியூர். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957இல் அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்துவிட்டன. ரெட்டிச் ஆலையை 1967இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் மட்டும் அதே 1955 மாடல் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது.

ஏன் மாற்றவில்லை? ராணுவமும் போலீசும் பெரிய வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு அதே வண்டி வேண்டும், அதே உதிரிபாகம் வேண்டும். பர்மிட் காலத்தில் வெளிநாட்டில் இருந்து புதுத் தொழில்நுட்பம் வாங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. எனவே அப்படியே விட்டார்கள்.

அந்த என்ஜினைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஒற்றை சிலிண்டர், கனமான ஃப்ளைவீல். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உள்ளே வெடிக்கும். ஐடிலில் மெதுவாகச் சுற்றுவதால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். தெருமுனையில் வரும்போதே 'அண்ணன் வந்துட்டார்' என்று வீட்டில் சொல்லவைத்த அந்த டுப்பு டுப்பு சத்தத்துக்கு இதுதான் காரணம். கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. என்ஜினுக்குப் பின்னால் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கியர் லீவர் வலது காலில், பிரேக் இடது காலில்.

ஸ்டார்ட் செய்வதற்கே ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் மீட்டரில் முள் ஆடி நடுவுக்கு வரும். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் கனம் முழுவதையும் வைத்து ஒரே மிதி. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய ஆட்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். வார்ப்பிரும்பு சிலிண்டர் சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ளாது. நெடுஞ்சாலையில் விரட்டினால் என்ஜின் கொதிக்கும். ஆயில் ஒழுகும். எழுபது எண்பதில் போனால் கை மரத்துப்போகும். அதிர்வில் நட்டு கழன்று எங்கேயாவது விழுந்திருக்கும். வண்டியின் மேல் பாசம் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் 1980களில் வந்த ஜப்பானியக் கூட்டு வண்டிகள் பக்கம் போய்விட்டார்கள். 1994இல் ஐஷர் குழுமத்தோடு கம்பெனி இணைந்தது. 2000இல் ஐஷரின் சித்தார்த்த லால் பொறுப்புக்கு வந்தபோது ராயல் என்ஃபீல்டை மூடிவிடலாமா என்ற பேச்சே இருந்தது. பழசை அப்படியே காப்பாற்றுவோம் என்று உட்கார்ந்திருந்தால் இன்றைக்குக் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு அலுமினிய என்ஜின் வந்தது. 2002இல் வந்த தண்டர்பேர்டில் அது ஓடியது. அதிலும் கியர்பாக்ஸ் தனியாகத்தான் இருந்தது. சத்தம் குறைந்துவிட்டதே என்று பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான்: என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ஜின், பட்டறை பாஷையில் யூசிஇ. 2009இல் கிளாசிக் 350, கிளாசிக் 500 இரண்டும் அந்த என்ஜினோடு இங்கே விற்பனைக்கு வந்தன. புகை விதிகள் இறுக இறுக, காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கும் விடைகொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எதை விட்டார்கள் என்பதைவிட எதை விடவில்லை என்பதுதான். கியர் இடது காலுக்கு வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது, ஒழுகல் குறைந்தது. ஆனால் 350இல் 70க்கு 90 என்ற அந்த அளவு மாறவில்லை. வால்வைத் திறக்க உதவும் தண்டான புஷ்ராடும் அப்படியே இருந்தது. பிறகு 2020இல் மீட்டியோர் வண்டியோடு வந்த ஜே வரிசை என்ஜின் புஷ்ராடையும் தூக்கிவிட்டு கேம்ஷாஃப்டைச் சிலிண்டர் தலைக்கு ஏற்றியது. அதிர்வை அடக்க பேலன்சர் ஷாஃப்ட் சேர்த்தது. அதிலும் அளவு 72க்கு 85.8. பிஸ்டன் இன்றும் நீளமாகத்தான் ஏறி இறங்குகிறது. 2023 செப்டம்பரில் புல்லட் 350க்கும் இந்த என்ஜின் வந்துவிட்டது.

அமெரிக்காவிலும் இதே சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே செவ்ரலே கார்வெட் காரில் 1953இல் இருந்தே முன்பக்க என்ஜின்தான் இருந்தது. அதை வளர்த்தெடுத்த பொறியாளர்களில் முக்கியமானவரான சோரா ஆர்கஸ் டன்டாவ், என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் நடுவில் வைக்க வேண்டும் என்று கேட்டு மாதிரி வண்டிகளே செய்து காட்டினார். பின்சக்கரத்தில் கனம் விழுந்தால்தான் அவ்வளவு பலத்தையும் சாலையில் இறக்க முடியும் என்பது அவர் வாதம். நிர்வாகம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. 1996இல் அவர் காலமானார். 2019 ஜூலையில்தான் நடுவில் என்ஜின் வைத்த கார்வெட்டை உலகுக்குக் காட்டினார்கள். ஆனால் அந்தக் காரில் அதே பழைய புஷ்ராடு வி8 என்ஜின் வகையைத்தான் வைத்தார்கள்! அவர்கள் இடத்தை மாற்றி என்ஜின் வகையைக் காப்பாற்றினார்கள். நம்மவர்கள் இடத்தை அப்படியே விட்டு என்ஜினின் உள்ளே மாற்றினார்கள். இரண்டு பேரும் ஓட்டுகிறவன் உடம்பில் உணர்கிற ஒன்றை மட்டும் கை வைக்காமல் விட்டார்கள். பழம்பெரும் வண்டியை மாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் பலனும் தெரிகிறது: 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு 10 லட்சத்துக்கும் மேலான வண்டிகளை விற்றிருக்கிறது.

இழந்தது என்ன என்று சொல்கிறேன் என்றேனே, அது கைப்பழக்கம். பழைய புல்லட்டில் டாப்பட், அதாவது வால்வு இடைவெளி, செட் பண்ணுவதற்கு மெக்கானிக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்து மூடியைத் திறந்து இரண்டு ஸ்பேனரைப் போட வேண்டும், புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அந்த இறுக்கம் எவ்வளவு என்று விரல் நுனிக்குத்தான் தெரியும். யூசிஇயில் டாப்பட் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. அது நல்லதுதான், ஆனால் அந்த விரலுக்கு வேலை போய்விட்டது. அந்த வித்தை எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. செங்கல்பட்டில், தாம்பரத்தில், வடசென்னையில் அறுபது எழுபது வயது தாண்டிய மெக்கானிக்குகளின் கைகளில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் வலது கியர் புல்லட் நின்றுகொண்டிருந்தால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், அவர் வேலை செய்யும்போது அனுமதி கேட்டு, பேச்சோடு சேர்த்துப் படம்பிடித்து வையுங்கள். திருவொற்றியூர் ஆலையில் வேலை பார்த்தவர்கள் உறவில் இருந்தால், அவர்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். இந்த வேலையை இந்த வருடமே தொடங்கிவிடுங்கள்.