பிள்ளைகள் இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள்
(நம் சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். "அப்பா, இங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறோம்" என்று ஃபோன் வந்தால் நமக்குச் சந்தோஷம்தான். உடனே நாம் கேட்பது, "எவ்வளவு அனுப்பணும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. நாம் அனுப்பப்போவது பி.எஃப். பணம், கிராஜுவிட்டி, மனை விற்ற பணம். அதை மறுபடி சம்பாதிக்கிற வயது நமக்கு இல்லை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நான் வக்கீல் அல்ல, வங்கியில் கிளார்க்காக இருந்தவன். பொது விதிகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் பிள்ளையின் விஷயத்தில் அவருடைய சொலிசிட்டர் சொல்வதே முடிவு. இது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு, வேல்ஸில் வரி வேறு.

1. விலை பேசி முடித்துவிட்டால் வீடு நமதா?

இல்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு விற்பனை ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். விலை ஒத்துக்கொண்ட பிறகு அந்த ஒப்பந்தம் தயாராகச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை வேறொருவர் கூடுதல் விலை சொன்னால், விற்பவர் அவருக்குக் கொடுத்துவிடலாம். வாங்குபவரும் விலகிக்கொள்ளலாம்.

இரு தரப்பு ஒப்பந்தங்களும் கைமாறுகிற நாளை 'எக்ஸ்சேஞ்ச்' என்கிறார்கள். வழக்கமாக அன்று விலையில் 10 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். மீதித் தொகை கட்டிச் சாவி வாங்கும் நாள் 'கம்ப்ளீஷன்'. ஆகவே எந்தச் சந்தேகமாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

2. வில்லங்கம் யார் பார்ப்பார்கள்?

வாங்குபவரின் சொலிசிட்டர் அல்லது உரிமம் பெற்ற 'கன்வேயன்சர்' பார்ப்பார். அங்கே மூலப்பத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது பெரும்பாலும் இல்லை. லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரும் அடமானமும் இருக்கும். சிறு கட்டணம் செலுத்தி யாரும் ஆன்லைனில் பார்க்கலாம். உள்ளாட்சி, கழிவுநீர், வெள்ள அபாயம், பழைய நிலக்கரிச் சுரங்கம் பற்றிய தேடல்களையும் சொலிசிட்டர் செய்வார்.

ஆனால் கட்டடத்தின் நிலையை அவர் பார்க்க மாட்டார். கேட்ட கேள்விக்கு விற்பவர் பொய் சொல்லக்கூடாதே தவிர, ஒவ்வொரு விரிசலையும் தானாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறவர். எனவே தனியாக ஒரு சர்வேயரை வைத்து வீட்டைப் பரிசோதிப்பது நல்லது.

3. ஃப்ளாட் வாங்கினால் நிலத்தில் பங்கு உண்டா?

நாம் யுடிஎஸ் என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறோம். அங்கே பெரும்பாலான ஃப்ளாட்டுகள் 'லீஸ்ஹோல்டு'. 99, 125, 999 ஆண்டு என்று குத்தகை உரிமைதான் கிடைக்கும். நிலமும் கட்டடமும் 'ஃப்ரீஹோல்டர்' என்பவருக்குச் சொந்தம். மெயின்டனன்ஸ் தொகையையும் பல இடங்களில் அவரோ அவர் வைத்த நிர்வாக நிறுவனமோதான் நிர்ணயிக்கும். நம்மைப் போல் பொதுக்குழுவில் எழுந்து சண்டை போட முடியாது!

கேட்க வேண்டியவை மூன்று. குத்தகையில் மீதி எத்தனை ஆண்டு? 80-க்குக் கீழே போனால் நீட்டிக்கும் செலவு கூடும். இதை மாற்ற 2024-இல் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று சொலிசிட்டரிடம் கேட்க வேண்டும். அடுத்து, 'கிரவுண்ட் ரென்ட்' உண்டா? 2022 ஜூன் 30 முதல் போடப்படும் பெரும்பாலான புதிய குத்தகைகளில் இது கிடையாது, பழையவற்றில் இருக்கலாம். மூன்றாவது, தீப்பாதுகாப்பு. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்த பிறகு, வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளை மாற்றும் செலவு பல ஃப்ளாட்காரர்களின் தலையில் விழுந்தது. உயரமான கட்டடம் என்றால் அதற்கான சான்றுகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

4. இங்கே பிள்ளை பெயரில் ஃப்ளாட் இருக்கிறதே, அதனால் என்ன?

நம்மில் பலர் கவனிக்காத இடம் இதுதான். அங்கே முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரை வரியில் சலுகை உண்டு. ஆனால் அவர் உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. கணவன், மனைவி சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் இந்த விதி பொருந்தும். நாம் ஆசையாகப் பிள்ளை பெயரையும் சேர்த்துப் பதிந்த ஃப்ளாட் இந்தச் சலுகையைப் பறித்துவிடும். அதோடு, வேறு வீட்டில் அவருக்குள்ள பங்கின் மதிப்பு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால், பொதுவாக 5 சதவீதம் கூடுதல் வரியும் வரும்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி 3,00,000 பவுண்ட் வீட்டுக்குக் கணக்குப் பார்ப்போம். முதல் வீடு என்றால் வரி பூஜ்யம். சலுகை இல்லாமல் சாதாரண வரி 5,000 பவுண்ட். கூடுதல் வரியும் சேர்ந்தால் 20,000 பவுண்ட். வீடு ஒன்றுதான், இங்கே உள்ள ஒரு பத்திரத்தால் இத்தனை வித்தியாசம்.

வாங்குவதற்கு முன் இங்குள்ள பங்கை மாற்றி எழுதிவிட்டால் 5 சதவீதத்தைத் தவிர்க்க வழி உண்டு. ஆனால் முதல் வீட்டுச் சலுகை திரும்பக் கிடைக்காது. இங்கே அதற்கான பதிவுச் செலவையும் வரியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

5. பணம் கொடுக்கிறோம், நம் பெயரையும் சேர்க்கலாமா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வாங்குபவர்களில் ஒருவருக்கு வேறு வீடு இருந்தாலே முழு விலைக்கும் 5 சதவீதம் வரும். நாம் இங்கே வசிப்பதால், வெளிநாட்டில் வசிப்பவருக்கான 2 சதவீதமும் அதோடு சேரும்.

பெயர் வேண்டாம், பணம் மட்டும் என்றால் அது அன்பளிப்பு. கடன் தரும் வங்கி நம்மிடம் ஒரு கடிதம் கேட்கும். 'இது திருப்பிக் கேட்கும் கடன் அல்ல, வீட்டில் எனக்கு உரிமை இல்லை' என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நாளை குடும்பத்தில் மனஸ்தாபம் வந்தால் அந்தக் கடிதம் பேசும், நம் வாய் வார்த்தை பேசாது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கணவன், மனைவி போடும் பணம் சமமில்லை என்றால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று வாங்கும்போதே தனிப் பத்திரம் எழுதிக்கொள்ளவும் அங்கே வழி இருக்கிறது.

6. பணத்தை எப்படி அனுப்புவது?

ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது அதை வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். அதற்கும் சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. கணவனும் மனைவியும் அவரவர் கணக்கில் உள்ள சொந்தப் பணத்தை அனுப்பலாம்.

பணம் எப்படி வந்தது என்று அங்குள்ள சொலிசிட்டர் கேட்பார். சந்தேகப்படுகிறார் என்று கோபப்பட வேண்டாம், கேட்பது அவருக்குச் சட்டக் கடமை. பாஸ்புக், எஃப்.டி. ரசீது, மனை விற்ற பத்திர நகல் எல்லாவற்றையும் முன்பே எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் நம்ப வேண்டாம். சொலிசிட்டர் பெயரில் மோசடிக்காரர்கள் அனுப்புவது அது. ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே அனுப்புங்கள்.

அடுத்த முறை பிள்ளை ஃபோன் செய்யும்போது மூன்றை மட்டும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் எப்போது? வீடு ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா? இங்கே உன் பெயரிலோ உன் மனைவி அல்லது கணவர் பெயரிலோ சொத்து இருப்பதைச் சொலிசிட்டரிடம் சொன்னாயா? இதற்குப் பதில் வந்த பிறகு "எவ்வளவு அனுப்பணும்?" என்று கேட்கலாம்.