இருபது எழுத்து போதுமா?



1980-ல் ஜப்பானில் பிறந்த பேக்-மேன் விளையாட்டில் சுற்றை எண்ண 8 பிட் இடம்தான். அதில் 255-க்கு மேல் ஏறாது. 256-வது சுற்றில் திரையின் வலது பாதி குப்பையாகிவிடும்! அவ்வளவு தூரம் எவன் ஆடப்போறான்? ஆடினார்களே!

சிரிக்காதீங்க. என் முதல் சம்பளப் புரோகிராமில், பெயருக்கு 20 எழுத்து போதும் என்று முடிவு கட்டியவன் நான். வாட்ச்மேன் பெரியவர் பெயர் பாதியில் நின்றது. பேங்கில் செக்கைத் திருப்பிவிட்டார்கள்.

"அப்பா வச்ச பேரு, கொஞ்சம் நீளம். மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார் அவர்.

தப்பு என்னுது. மன்னிப்புக் கேட்டவர் அவர். இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன்.

தம்பிகளா, இடம் ஒதுக்கும்போது அந்தப் பெரியவரை நினைச்சுக்குங்க.